வண்டி நடுங்குனா ரோட்டைத் திட்டாதீங்க



போன வாரம் சென்னையில இருக்கிற எங்க சித்தப்பா மகன் போன்ல கேட்டான். "அண்ணே, என் கார் எண்பதைத் தொட்டா ஸ்டியரிங் நடுங்குது. அலைன்மென்ட் பாத்தா சரியாயிருமா?"

"அலைன்மென்ட் கெடக்கட்டும். முதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு"ன்னு ஏழு கேள்வி கேட்டேன். மூணுக்குத்தான் அவனுக்குப் பதில் தெரிஞ்சுது. அவனைக் குறை சொல்லல. வெள்ளம் வந்த வருஷம் என்கிட்ட யாராவது இதே ஏழு கேள்வியைக் கேட்டிருந்தா, நான் ஒண்ணுக்குக்கூட யோசிச்சுப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். ரோட்டைக் கையைக் காட்டியிருப்பேன். அதனால எனக்கு என்ன ஆச்சு, அந்த ஏழு கேள்வி எது, எல்லாத்தையும் எழுதி வச்சிருவோம்னுதான் உக்காந்திருக்கேன்.

எங்க வீட்டு பிக்கப் 2008 மாடல். ரெண்டாவது கையா வாங்கினது. வீடு சாயர்புரம், வாழை போட்டிருக்கிறது பெருங்குளம் பாசனத்துல ஒரு ஏக்கர் சொச்சம். தார் வெட்டினா நானே தூத்துக்குடி மார்க்கெட்டுக்கு ஏத்திட்டுப் போவேன். உரமூட்டை, வாழைக்கன்னு, வைக்கோல், சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணப் பாத்திரம் எல்லாம் அதுலதான். எழுத வெக்கமா இருக்கு, ஆனாலும் சொல்லிடுறேன். களையெடுக்க வர்ற பொம்பளையாட்களையும் அதே வண்டிப் பின்னாலதான் நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போவேன். சரக்கு வண்டியில ஆள் ஏத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கிறது தெரியாம செய்யல. தெரிஞ்சேதான் செஞ்சேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதியில எங்க பக்கம் பெஞ்ச மழையை நீங்க டிவியில பாத்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் ரயில் நின்னுபோய் ஜனங்க மாட்டிக்கிட்டாங்களே, அதே மழை. வண்டி அப்ப தோட்டத்து ஷெட்டுல நின்னுது. மூணு நாள் கழிச்சுத்தான் அங்க போகவே முடிஞ்சுது. தண்ணி நின்ன தடம் வீலோட நடுமட்டத்துக்கு மேல ஒரு சாண் உயரத்துல கோடு கிழிச்ச மாதிரி இருந்துச்சு. என்ஜினுக்குள்ள தண்ணி ஏறல. ஆயில் மாத்தி, பேட்டரி மாத்தி சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆயிட்டு. வாழை அத்தனையும் சாஞ்சு கெடக்கிற நேரம். வண்டியாவது ஓடுதே, அதுவே பெருசுன்னு விட்டுட்டேன். மூணு நாள் தண்ணிக்குள்ள கெடந்த வீலுக்குள்ள என்ன ஆகியிருக்கும்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு ஸ்டியரிங்ல லேசா ஒரு அதிர்வு. சாயர்புரத்துல இருந்து புதுக்கோட்டை வரைக்கும் அப்ப ரோடு இருந்த இருப்புக்கு நாப்பதைத் தாண்ட முடியாது, அதனால ஒண்ணும் தெரியாது. புதுக்கோட்டையில நாலுவழிச் சாலை ஏறி அறுபதைத் தொட்டா கை நடுங்கும். யார் கேட்டாலும் "வெள்ளத்துல ரோடு போச்சுல்லா, அதான்"னு சொல்லிடுவேன். கேட்டவங்களும் ஆமான்னு தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

இப்ப யோசிச்சா எனக்கே சிரிப்பு வருது. கெட்ட ரோட்டுல நடுங்கல, நல்ல ரோட்டுல நடுங்குது. அதுக்குப் போய் ரோட்டைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் ஒரு கடையில அலைன்மென்ட் பாத்தேன். போகல. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு கடையில மறுபடியும் அலைன்மென்ட். அப்பவும் போகல. "டயர் போயிருச்சு அண்ணாச்சி, மாத்திருங்க"ன்னாங்க. முன்னால ரெண்டும் புது டயர், 11,000 ரூபாய். ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு பழையபடி நடுக்கம், முன்னைவிடக் கூடுதலா. மூணு இடத்துலயும் வண்டியைப் பாத்தாங்க. ஆனா ஒருத்தர்கூட என்னைப் பாத்து "எப்ப இருந்து இப்படி இருக்கு?"ன்னு கேக்கல. கேக்கணும்னு எனக்கும் தோணல.

ஜூன் மாசம் ஒருநாள் காலையில எட்டுப் பேர் வண்டியில நிக்கிறாங்க. குளத்தங்கரை வளைவுல திரும்புறேன். இடது முன்பக்கம் 'கிறீச்'சுன்னு ஒரு சத்தம். ஸ்டியரிங் கையைவிட்டுப் பறிச்சிக்கிட்டுப் போற மாதிரி ஆடுது. வேகம் இருபது, இருபத்தஞ்சுதான் இருக்கும். அதனால நிறுத்த முடிஞ்சுது. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் பள்ளம். இறங்கிப் பாத்தா வீல் லேசா உள்வாக்குல சாஞ்சு நிக்குது, ஹப்புல இருந்து கருகின வாடை. தண்ணி ஊத்தினா 'சொய்ங்'குங்குது.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் இறங்கி ஓரமா நின்னாங்க. அதுல வயசான ஒரு ஆச்சி சொன்ன வார்த்தை இன்னைக்கும் காதுல நிக்குது.

"எய்யா, ரெண்டு மாசமா அந்த இடது சக்கரம் ஆட்டுரல் சுத்துற மாதிரி உறுமிக்கிட்டுத்தாம்யா கெடக்கு. நாங்க பின்னால பேசிக்கிடுவோம். நீங்கதான் யாரு கேட்டாலும் ரோடு ரோடுன்னுட்டு இருக்கீகளே, அதான் சொல்லல."

வண்டிக்கு எந்தப் பக்கம், என்ன சத்தம், எத்தனை நாளா, இந்த மூணும் அந்த ஆச்சிக்குத் தெரிஞ்சிருக்கு. முன்னால உக்காந்து ஓட்டின எனக்குத் தெரியல. ஏன்னா எனக்குக் காரணம் முன்கூட்டியே தெரியும்னு நான் நினைச்சிட்டேன். காரணம் தெரிஞ்சவன் எதையும் கேக்க மாட்டான் பாருங்க.

வண்டியைப் பாக்க வந்தவர் தூத்துக்குடியில உப்பு லாரிகளுக்கு முப்பது வருஷம் வேலை பாத்துட்டு, இப்ப வீட்டோட இருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. வந்ததும் ஸ்பேனரைத் தொடல. கரையில உக்காந்து ஒரு பீடியைப் பத்தவச்சிட்டு, வரிசையா கேக்க ஆரம்பிச்சார். அதுதான் அந்த ஏழு கேள்வி. எனக்குப் புரிஞ்ச அளவுக்குக் காரணத்தையும் சேத்துச் சொல்றேன்.

முதல் கேள்வி, எப்ப இருந்து? பஞ்சர் போட்ட மறுநாளா, டயர் மாத்தின பிறகா, குழியில விழுந்த பிறகா, வண்டி ரொம்ப நாள் ஒரே இடத்துல நின்ன பிறகா. ரொம்ப நாள் நின்ன வண்டி டயர் தரையில பட்ட இடம் தட்டையாகி, ஓட்டும்போது 'தொப்பு தொப்பு'ன்னு அடிக்கும். பஞ்சர் போட்ட பிறகுன்னா வீல் நட்டைச் சரியா முறுக்கினாங்களான்னு பாக்கணும், இல்லேன்னா பேலன்ஸுக்கு வச்ச ஈயக்கட்டி விழுந்திருக்கலாம். நான் "வெள்ளத்துக்குப் பொறவு"ன்னேன். உடனே அவர் "தண்ணி எதுமட்டும் நின்னுது?"ன்னார். சொன்னேன். "சரி, பாதி முடிஞ்சுது"ன்னுட்டார்.

ரெண்டாவது, எந்த வேகத்துல? அறுபதுக்கு மேல ஆரம்பிச்சு, ஒரு வேகத்துல உச்சமாகி, அதையும் தாண்டினா கொஞ்சம் அடங்குதுன்னா அனேகமா வீல் பேலன்ஸ். பத்து இருபதுலயே வண்டி வாத்து நடக்கிற மாதிரி அசையுதுன்னா ரிம் வளைஞ்சிருக்கும், இல்லேன்னா டயருக்குள்ள இருக்கிற கம்பி அடுக்கு விட்டுப்போய் ஒரு இடம் புடைச்சிருக்கும்.

இந்த பேலன்ஸ் விஷயம் எனக்கு முதல்ல நம்பிக்கையே வரல. வீல் எத்தனை கிலோ, அதுல நூறு கிராம் கூடினா என்ன பெரிசாயிடும்? பாலிடெக்னிக் படிக்கிற என் மச்சான் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். என் வண்டி டயர் ஒரு சுத்து சுத்தினா 2.2 மீட்டர் போகுது. எண்பது கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்குப் பத்துச் சுத்து. ரிம்முக்குள்ள ஒரு பக்கம் மட்டும் 100 கிராம் சேறு காஞ்சு ஒட்டியிருந்தா, அந்த வேகத்துல அது சுமார் எட்டு கிலோ பலத்தோட வீலை வெளிய இழுக்கும். மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவைன்னு செகண்டுக்குப் பத்து முறை. இதே சேறு நாப்பதுல போனா ரெண்டு கிலோதான். வேகம் ரெண்டு பங்கானா அடி நாலு பங்காகுது. சாயர்புரம் ரோட்டுல தெரியாத நடுக்கம் நாலுவழிச் சாலையில ஏன் தெரிஞ்சுதுன்னு அப்பத்தான் விளங்கிச்சு.

மூணாவது, எங்க தெரியுது? கையில, அதாவது ஸ்டியரிங்ல தெரிஞ்சா முன்வீல் பக்கம். கையில ஒண்ணும் இல்லாம சீட்டுலயும் கால்மிதியிலயும் தெரிஞ்சா பின்வீல், இல்லேன்னா பின்னச்சுக்குப் போற புரொபெல்லர் ஷாஃப்ட். இதுல இன்னொரு அடையாளமும் உண்டு. வீல் நடுக்கம் 'தடதட'ன்னு தனித்தனியாத் தெரியும். ஷாஃப்ட் வீலைப் போல நாலு மடங்குக்கும் மேல வேகமாச் சுத்துறதால, அது 'உர்ர்'ருன்னு ஒரே இரைச்சலா, பல்லு கூசுற மாதிரி இருக்கும்.

நாலாவது, பிரேக் அமுக்கும்போது மட்டும் வருதா? அப்படின்னா டயர் கடைக்குப் போகவே வேண்டாம். பிரேக் அமுக்கினா ஸ்டியரிங் உதறுதுன்னா முன் டிஸ்க் சமமாத் தேயல. உடம்பு மட்டும் குலுங்குதுன்னா பின் டிரம்மைப் பாக்கணும்.

அஞ்சாவது, அதே வேகத்துல நியூட்ரல் போட்டா? ஆளில்லாத, நேரான, மேடுபள்ளம் இல்லாத ரோட்டுல மட்டும் இதைச் செய்யணும். எக்காரணம் கொண்டும் சாவியை அணைக்கக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கிடும், பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும். நியூட்ரல்லயும் நடுக்கம் அப்படியே இருந்தா வீல் பக்கம் அல்லது ஷாஃப்ட். நின்னுபோச்சுன்னா என்ஜின், கிளட்ச், மவுண்டிங் ரப்பர் பக்கம் தேடணும்.

ஆறாவது, லோடோட இருக்கும்போதா, வெறும் வண்டியிலயா? மேடு ஏறும்போதும், லோடோட கிளப்பும்போதும் மட்டும் அதிர்ந்தா ஷாஃப்ட்டுல இருக்கிற கிராஸ், சென்டர் பேரிங். பின்னால லோடு கூடிப்போய் பிளேட் செட் உக்காந்துட்டா வண்டி மூக்கைத் தூக்கிக்கிடும். அப்ப முன்வீல் நிக்கிற சாய்மானமே மாறி, ஸ்டியரிங் ஆட்டத்துக்கு வழி பண்ணும். வாழைத்தாரை மலை மாதிரி அடுக்குற என்னைப் போல ஆட்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கிடணும்.

ஏழாவது, குழியில ஒரு வீல் ஏறி இறங்கினா என்ன ஆகுது? ஒரு குலுக்கு குலுங்கி நின்னா பரவாயில்ல. நிக்காம ஸ்டியரிங் இடது வலதுன்னு தானா அடிச்சிக்கிட்டே போனா அது வேற நோய். கிங் பின், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங், இதுல எங்கயோ ஆட்டம் இருக்குன்னு அர்த்தம். ஓட்டும்போது அப்படி வந்தா ஸ்டியரிங்கை உறுதியாப் பிடிச்சு, காலை எடுத்து, மெதுவா வேகத்தைக் குறைச்சு ஓரங்கட்டணும். அன்னைக்கே பாக்கணும், நாளைக்கின்னு வைக்கக் கூடாது.

இந்த ஏழாவது நோய் நம்ம ஊர்ப் பழைய வண்டிக்கு மட்டும் வந்த சனியன் இல்ல. 1920-கள்ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் கார்களுக்கு மெத்துன்னு காத்து குறைச்ச டயரும், முன்வீல் பிரேக்கும் வந்தப்போ, முன்னச்சு இப்படிப் பேயாட்டம் ஆட ஆரம்பிச்சிருக்கு. அந்தக் காலத்து ஒரு டான்ஸோட பேரை வச்சு 'ஷிம்மி'ன்னே அதுக்குப் பேர் வச்சிட்டாங்க. பெரிய பெரிய என்ஜினீயர்கள் வருஷக்கணக்கா மண்டையை உடைச்சிருக்காங்க. 1934 வாக்குல அங்க ரெண்டு முன்வீலையும் ஒரே அச்சுல கோக்காம தனித்தனியா தொங்கவிடுற முறை பரவினதுக்கு இந்த ஆட்டமும் ஒரு காரணம். அவங்களுக்கே அத்தனை பாடு. நாம "ரோடு"ங்கிற ஒத்தை வார்த்தையில முடிச்சிடுறோம்.

சரி, என் வண்டிக்கு வர்றேன். கேள்வி முடிஞ்ச பிறகுதான் அண்ணாச்சி எந்திரிச்சார். மத்த வீலுக்குக் கல்லு அணை குடுத்து, வலது முன்வீலை ஜாக்கியில தூக்கி, சேஸுக்கு அடியில பலமான கட்டை வச்சார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில கையையோ தலையையோ விடக் கூடாதுன்னு அதட்டலாவே சொன்னார். இடதுதான் போயிருச்சே, எதுக்கு வலதைப் பாக்கிறார்னு எனக்குப் புரியல. "ரெண்டும் ஒரே தண்ணியிலதானே நின்னுது"ன்னார்.

கடிகாரத்துல பன்னெண்டும் ஆறும் இருக்கிற இடத்துல வீலை ரெண்டு கையாலப் பிடிச்சு ஆட்டினார். 'டொக்கு டொக்கு'ன்னுது. என்னை உள்ள ஏறி பிரேக்கை அமுக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டினார். ஆட்டம் நின்னுபோச்சு. "பிரேக் அமுக்கினதும் நின்னா பேரிங். அப்பவும் ஆடினா கிங் பின் இல்ல பால் ஜாயின்ட்." பிறகு ஒம்பதும் மூணும் இருக்கிற இடத்துல பிடிச்சு ஆட்டினார். அங்க ஆடினா டை ராட் எண்டையும் ஸ்டியரிங் பாக்ஸையும் சந்தேகப்படணுமாம். எனக்கு அது நல்லா இருந்துச்சு. ஒரு கடப்பாரையோ மிஷினோ இல்லாம, அரைமணி நேரத்துல முடிஞ்சுது.

ஹப்பைக் கழட்டினா உள்ள கிரீஸே இல்ல. பழுப்பு நிறத்துல சேறும் துருவும் கலந்த ஒரு கூழ். தண்ணியில முங்கின ஹப்பைக் கழுவி புது கிரீஸ் அடைச்சிருந்தா அந்த பேரிங் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். அதுக்கு ஆகியிருக்கக் கூடிய செலவு சில நூறு ரூபாய். ரிம் உள்பக்கம் வேற ஒரு கை அகலத்துக்குச் சேறு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. புது டயர் போட்டும் ஏன் திரும்ப வந்துச்சுன்னு கேட்டேன். "டயர் மாத்தினப்போ பேலன்ஸ் பண்ணியிருப்பாங்க, அதுல கொஞ்சம் அடங்கியிருக்கும். உள்ள ஆட்டம் கூடக் கூட, சின்ன எடை வித்தியாசமும் பெருசாத் தெரியும்"ன்னார். அப்போ அலைன்மென்ட்? "அலைன்மென்ட் தப்பா இருந்தா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரம் தேயும். நேரடியா நடுக்கம் குடுக்காது. அதோட, ஆடுற பேரிங்கை வச்சிக்கிட்டு அலைன்மென்ட் பாக்குறது, ஆடுற பெஞ்சு மேல தராசு வச்ச மாதிரி." இந்த ஒண்ணை மட்டும் நான் முன்னாலயே தெரிஞ்சு வச்சிருந்தா, ரெண்டு தடவை அலைன்மென்ட்டுக்குக் குடுத்த காசு மிச்சம்.

ரெண்டு பக்கமும் பேரிங், சீல், கிரீஸ் எல்லாம் சேத்து டயருக்குப் போட்ட காசுல கால் பங்குகூட ஆகல.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

வேலை முடிஞ்சதும் "எவ்வளவு அண்ணாச்சி?"ன்னேன். சாமான் விலையைச் சொல்லி, கழட்டி மாட்டின கூலியைச் சொல்லி, "பாத்ததுக்கு ஒரு இருநூறு குடு"ன்னார். என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "பாத்ததுக்கு என்ன அண்ணாச்சி காசு?" சொல்லி முடிச்ச பிறகுதான் உறைச்சுது. எட்டுப் பேர் உசுரைக் காப்பாத்தின வேலையே அந்தப் பாத்த வேலைதான். கழட்டி மாட்ட ஆயிரம் பேர் இருக்காங்க. அவர் கோவிச்சிக்கிடல, சிரிச்சார். "பாத்ததுக்குக் காசு குடுக்க மாட்டேங்கிறீங்க. சாமான் மாத்தினா மட்டும்தான் குடுப்பீங்க. பொறவு எவன் வே பாப்பான்? எல்லாவனும் மாத்தத்தான் செய்வான்."

இதுக்கு என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் மறுபேச்சு இல்ல. கடைக்காரங்க ஏமாத்துறாங்கன்னு நாம பேசுறோம். எல்லாரும் அப்படி இல்ல. ஒரு மெக்கானிக் அரைமணி நேரம் யோசிச்சு, நட்டு லூஸா இருக்குன்னு கண்டுபிடிச்சு முறுக்கிக் குடுத்தா, "இதுக்கா இருநூறு?"ன்னு பேரம் பேசுறோம். அதே ஆள் எதையும் யோசிக்காம பத்தாயிரத்துக்குச் சாமான் மாத்தினா, பில்லை வாங்கி மடிச்சு வச்சிட்டு வந்துடுறோம். பழைய சாமானைக் கையில குடுத்தா திருப்தி வேற. இப்படி வருஷக்கணக்கா செஞ்சு, பாக்கத் தெரிஞ்சவங்களைப் பட்டினி போட்டு, மாத்தத் தெரிஞ்சவங்களை மட்டும் வளத்து விட்டது நாமதான். கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா கூலி குடுக்கணும். அதை நாமளே முன்வந்து சொல்லணும். "மாத்துறது இருக்கட்டும், முதல்ல என்னன்னு பாத்துச் சொல்லுங்க, அதுக்கு இவ்வளவு தர்றேன்"னு சொல்லிப் பாருங்க. எதிர்ல நிக்கிறவர் முகமே மாறும்.

நம்ம பங்கும் ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க வலி, எப்ப இருந்து, எது சாப்பிட்டா வலிக்குதுன்னு சொல்றோம்லா? வண்டியைக் கொண்டு விடும்போது மட்டும் "நடுங்குது, பாருங்க"ன்னு சாவியை எறிஞ்சிட்டு டீக்கடைக்குப் போயிடுறோம். அந்த ஏழு கேள்விக்கும் பதிலை எழுதிக் கையில குடுங்க. அதோட, காசு செலவழிக்கிறதுக்கு முந்தி வீட்டுலயே செய்யக்கூடியதைச் செஞ்சிடுங்க. டயர்ல காத்து பாருங்க. ரிம் உள்பக்கச் சேறைக் கழுவுங்க. வீல் நட்டை முறுக்கிப் பாருங்க, ஒண்ணு விட்டு ஒண்ணா எதிரும் புதிருமா முறுக்கணும். டயரைச் சுத்திவிட்டு எங்கயாவது புடைப்பு இருக்கான்னு கண்ணால பாருங்க, வெறுங்கையால தடவாதீங்க, உள்ள இருந்து கம்பி வெளிய வந்திருந்தா கையைக் கிழிச்சிடும். முன்வீலையும் பின்வீலையும் இடம் மாத்தி ஓட்டிப் பாருங்க. கையில இருந்த நடுக்கம் சீட்டுக்குப் போச்சுன்னா குத்தம் அந்த வீல்லயேதான் இருக்கு. இது எதுக்கும் பைசா செலவு கிடையாது.

"அதான் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டுறோமே"ன்னு சிலர் சொல்வாங்க. எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷம் ஒரு தடவை எஃப்.சி. வேணும்தான். அது ஒருநாள் பரிச்சை. மிச்ச நாளெல்லாம் வண்டியோட இருக்கிறது நாமதான். பழைய வண்டியை எல்லாம் ஓரங்கட்டணும்னு சொல்றவங்களும் இருக்காங்க. என் வண்டிக்கு வந்தது வயசால வந்த கோளாறு இல்ல, கவனிக்காததால வந்தது. புது வண்டி மூணு நாள் தண்ணியில நின்னு, நானும் இதே மாதிரி விட்டிருந்தா அதுக்கும் இதே கதிதான். எங்களைப் போல ஆட்களுக்கு புது பிக்கப்புங்கிறது அஞ்சாறு வருஷ வாழைக் காசு. இருக்கிறதைக் காது குடுத்துக் கேட்டு ஓட்டுறதுதான் எங்களுக்கு முடிஞ்ச வழி.

எங்க சாயர்புரத்துலதான் 1840-கள்ல ஜி.யு. போப் ஐயர் தங்கி, பள்ளிக்கூடம் நடத்தினார். பின்னாள்ல, 1886-ல, திருக்குறளை இங்கிலீஷ்ல கொண்டு வந்தவர். அவர் பேர்ல இங்க பள்ளிக்கூடமும் இருக்கு, காலேஜும் இருக்கு. மருந்து அதிகாரத்துல 948-ஆம் குறள் எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குத் தூக்கத்துல கேட்டாலும் வரும். நானும் பள்ளிக்கூடத்துல அதை ஒப்பிச்சு மார்க் வாங்கினவன்தான். உங்களுக்கு மறந்திருந்தா எடுத்துப் பாத்துக்கிடுங்க. வள்ளுவர் அங்க வரிசைப்படுத்துறதுல, செய்ய வேண்டியது கடைசியிலதான் வருது.

சித்தப்பா மகன் நேத்து மறுபடி கூப்பிட்டான். ஏழு கேள்விக்கும் பதிலை எழுதிட்டுப் போனானாம். ஒரு முன்வீல்ல ஈயக்கட்டி விழுந்து போயிருந்துதாம். பேலன்ஸ் பண்ணினதோட சரியாயிட்டு. பாத்தவருக்குத் தனியா காசு குடுத்தியான்னு கேட்டேன். "குடுத்தேண்ணே, முதல்ல வாங்கவே மாட்டேன்னார்"ன்னான்.

இப்ப களையெடுக்க வர்ற பொம்பளையாட்கள் ஷேர் ஆட்டோவுல வர்றாங்க. காசு நான்தான் குடுக்கிறேன். மாசத்துக்கு அது ஒரு செலவுதான், கணக்குப் பாத்தா கொஞ்சம் இடிக்கத்தான் செய்யுது. ஆனா அந்தக் குளத்தங்கரை வளைவுல ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் கணக்கு வேற மாதிரி வருது. அந்த ஆச்சி இன்னும் வேலைக்கு வர்றாங்க. தோட்டத்துல என் வண்டி வந்து நின்னா, "இன்னைக்குச் சத்தம் எப்படி ஆச்சி?"ன்னு கேப்பேன். காதைக் குடுத்துக் கேட்டுட்டு, "நல்லாருக்குய்யா"ம்பாங்க. ஒருநாள் மட்டும் "பின்னால என்னமோ கடகடங்குதே"ன்னாங்க. பாத்தேன். ஸ்டெப்னி கட்டின போல்ட் லூஸா இருந்துச்சு.